குறுக்குப் பரிமாற்றம் மாறலுக்கு மட்டும்தானா?

"நிறமூர்த்தச் சோடிகள் சுயாதீனமாகப் பிரிவதாலேயே வேண்டிய அளவு மாறல் வந்துவிடுகிறதே, பிறகு குறுக்குப் பரிமாற்றம் எதற்கு?" என்று உயர்தர மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் உயிரியல் படிப்பிக்கும் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வந்த நிறமூர்த்தச் சோடி, ஒடுக்கற்பிரிவில், அதாவது முட்டையும் விந்தும் போன்ற புணரிகளை உருவாக்கும் கலப்பிரிவில், தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதுதான் குறுக்குப் பரிமாற்றம்.

மாறல், அதாவது எச்சங்களுக்கிடையே வரும் வேறுபாடு, பற்றிய பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனிதரின் 23 சோடிகள் சுயாதீனமாகப் பிரிந்தாலே ஒருவரிடமிருந்து 8,388,608 வகைப் புணரிகள் வரலாம். எண் பெரிதுதான். ஆனால் ஒரே நிறமூர்த்தத்தில் இருக்கும் பரம்பரையலகுகள் (ஜீன்கள்) அப்போதும் ஒரே கட்டாகத்தான் கைமாறும். நல்லதையும் கெட்டதையும் பிரித்தெடுக்க வழியில்லை. அந்தக் கட்டை அவிழ்ப்பது குறுக்குப் பரிமாற்றம். நீர்வேலித் தோட்டங்களில் கப்பல் வாழையும் இதரையும் குட்டியிலிருந்தே வளர்கின்றன. அங்கே ஒடுக்கற்பிரிவும் இல்லை, பரம்பரையலகுகள் புதிதாகக் கலக்கும் மீளச்சேர்க்கையும் இல்லை. தாய் வாழையைச் சாய்க்கும் நோய் குட்டியையும் சாய்த்துவிடும். பனை அப்படியல்ல. ஒரே பனம்பழத்துக்குள் இருக்கும் மூன்று கொட்டைகளும்கூட மூன்று வெவ்வேறு கலவைகள்.

பாடக்குறிப்புகள் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. குறுக்குப் பரிமாற்றத்துக்கு இன்னொரு வேலை இருக்கிறது: சோடியைப் பிரியும் வேளை வரை சேர்த்துப் பிடித்திருப்பது.

வெங்காயப் பூமொட்டின் மகரந்தக்கூட்டை அசற்றோகார்மைன் என்னும் சாயத்தில் நசுக்கி நுணுக்குக்காட்டியில் பாருங்கள். சரியான பருவத்து மொட்டு கிடைத்தால், 16 நிறமூர்த்தங்கள் 8 சோடிகளாக நிற்பது தெரியும். சில சோடிகள் வளையம்போல இருக்கும். அவற்றின் இரு புயங்களிலும் கயஸ்மா, அதாவது பரிமாற்றம் நடந்து குறுக்கே பிணைந்த இடம், உண்டு. சில கோல்போல இருக்கும். அவற்றில் ஒரு புயம் மட்டுமே பிணைந்திருக்கிறது. கதிர்நார்கள் இரு முனைகளுக்கும் இழுக்கும்போது அந்தப் பிணைப்பு எதிர்த்து நிற்பதால்தான் சோடி நடுவில் ஒழுங்காக நிற்கிறது. பிணைப்பே இல்லாவிட்டால் இரண்டும் ஒரே பக்கம் போய்விடக்கூடும். இப்படிக் குறுக்கே பிணைந்த இடங்களைப் பார்த்துத்தான் 1909 இல் பெல்ஜிய உயிரியலாளர் ஜான்சன்ஸ் பரிமாற்றக் கருத்தை முன்வைத்தார். துண்டுகள் உண்மையாகவே இடம் மாறுகின்றன என்பதை 1931 இல் மரபியலாளர்களான ஹரியற் கிரைற்றனும் பாபரா மக்கிளின்ரொக்கும் சோளத்தில் காட்டினார்கள்.

பெண்களில் இந்தப் பிணைப்பு எவ்வளவு காலம் தாங்க வேண்டும் தெரியுமா? உங்களை உருவாக்கிய முட்டையில் குறுக்குப் பரிமாற்றம் நடந்தது உங்கள் அம்மா அம்மம்மாவின் வயிற்றில் இருந்தபோது. அதன்பின் ஒடுக்கற்பிரிவு அப்படியே நின்றுவிட்டது. அம்மா பிறந்து, வளர்ந்து, அந்த முட்டை வெளிவரும் மாதம் வரை பல ஆண்டுகள் அதே பிணைப்புத்தான் சோடிகளைப் பிடித்திருந்தது. வயது கூடக்கூட அந்தப் பிடி தளர்கிறது. பரிமாற்றம் நடக்காத சோடி, அல்லது நுனியில் மட்டும் பிணைந்த சோடி, எளிதில் பிழையாகப் பிரிகிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் 21 ஆம் நிறமூர்த்தம் மூன்றாக இருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கிரகணத்தில் வெளியே போனாள், கண்டதையும் சாப்பிட்டாள் என்று அந்தத் தாயைக் குறை சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது. அவள் எதையும் செய்யவில்லை. அந்தப் பிணைப்பு இடப்பட்டபோது அவளே பிறந்திருக்கவில்லை.

விதிவிலக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆண் பழ ஈயில் குறுக்குப் பரிமாற்றமே நடப்பதில்லை. அதன் சோடிகள் வேறு வழியில் சேர்ந்து நின்று சரியாகவே பிரிகின்றன. ஆகவே பழ ஈயில் இணைப்புக் கணக்கு, அதாவது ஒரே நிறமூர்த்தத்தில் உள்ள பரம்பரையலகுகள் பற்றிய கணக்கு, வந்தால், கலப்பினப் பெற்றோர் ஆணா பெண்ணா என்று முதலில் பாருங்கள். ஆண் என்றால் மீளச்சேர்ந்த வகை எச்சங்கள் ஒன்றும் வரமாட்டா.