டிராபிக் டூட்டி, ஆக்சிடென்ட் ஸ்பாட், போலீஸ் ட்ரெயினிங்: கேட்ட கேள்விகளும் என் பதிலும்

எல்லாருக்கும் வணக்கம். நான் தமிழ்நாடு போலீஸ்ல எஸ்.ஐ.யா இருந்து ரிட்டயர் ஆனவன். பாதி சர்வீஸ் ரோட்லயே போச்சு, கடைசி சில வருஷம் புதுசா சேர்ற பசங்களுக்கு டிராபிக், ஆக்சிடென்ட் விசாரணை ரெண்டும் வகுப்பு எடுத்தேன். வந்த கேள்விகள்ல முடிஞ்சவரைக்கும் பதில் சொல்றேன்.

கேள்வி: சார், ஹெல்மெட் போடலன்னா திடீர்னு குறுக்க ஓடி வந்து மறிக்கறாங்க, வண்டி சாவிய புடுங்கறாங்க. இதெல்லாம் ட்ரெயினிங்லயே சொல்லித்தர்றதா?

இல்லவே இல்லங்க. சாவிய எடுக்க மோட்டார் வாகன சட்டத்துல எந்த பிரிவும் கிடையாது. நான் முதல் வகுப்புல போர்டுல எழுதற கணக்கு ஒண்ணு இருக்கு, 60 கிலோமீட்டர் வேகத்துல வர்றவன் ஒரு செகண்டுல கிட்டத்தட்ட 17 மீட்டர் போயிடுவான், உங்கள பாத்து மூளைக்கு ஒறச்சு பிரேக்ல கால் வைக்கவே ஒன்றரை செகண்ட் ஆகும், அதாவது பிரேக் பிடிக்கறதுக்கு முன்னாடியே 25 மீட்டர் வந்துட்டான். நீங்க பத்து மீட்டர் முன்னாடி குதிச்சா அவன் என்ன பண்ணுவான்? ஒண்ணு உங்க மேல ஏத்துவான், இல்ல ஹேண்டில ஒடிச்சு பின்னாடி வர்ற லாரிக்கு அடியில போவான். 2018ல திருச்சி பக்கம் துவாக்குடியில நிக்காம போன பைக்க ஒரு அதிகாரி துரத்திப் போய் எட்டி உதைச்சு, பின்னாடி உக்காந்திருந்த பெண் இறந்தே போனாங்க. ஒவ்வொரு பேட்ச்லயும் அத நான் சொல்லாம விட்டதில்ல. நிக்கலன்னா நம்பர எழுது, சலான் வீட்டுக்குப் போகும். ஹெல்மெட்டுக்கு அபராதம் ஆயிரம் ரூபாய், அதுக்காக யாரும் சாகக்கூடாது.

வாகன சோதனை எங்க போடறதுங்கறதும் கத்துக்க வேண்டியதுதான். வளைவு முடியற இடத்துலயும் பாலம் இறங்கற இடத்துலயும் பேரிகார்டு வைக்கவே கூடாது, தூரத்துலேர்ந்து கண்ணுக்குத் தெரியணும்.

கேள்வி: ஸ்பீட் கன் நம்ம வேகத்த கூட்டிக் காட்டுமா அண்ணா?

ரோட்டு ஓரமா சாய்ஞ்ச கோணத்துல பிடிச்சா உண்மையான வேகத்த விட குறைச்சுதான் காட்டும், 20 டிகிரி சாய்வுல 80ல வர்ற வண்டி 75 மாதிரி தெரியும். ஆனா லேசர் கன்ன கையில ஆடாம ஒரே வண்டி மேல பிடிக்கத் தெரியணும், அது பழகினாத்தான் வரும்.

கேள்வி: நான் குடிக்கறதே இல்ல, ஊதச் சொன்னா பயமா இருக்கு. மெஷின் தப்பா காட்டினா?

சட்டப்படி அளவு 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம், அதுக்கு மேல போனாத்தான் கேஸ். வாய் கொப்பளிக்கற மருந்து, சில இருமல் சிரப் இதுல ஆல்கஹால் இருக்கும், அது வாயில தங்கி மெஷின ஏமாத்தும். கால் மணி நேரம் உக்கார வச்சு, புது மவுத்பீஸ் மாட்டி மறுபடி ஊதச் சொன்னா வாயில இருந்தது போயிடும், வயித்துக்குள்ள போனது போகாது. இந்த ஒரு விஷயம் தெரிஞ்ச போலீஸ்காரர் உங்ககிட்ட சண்டை போட மாட்டார். நீங்களும் பயப்படாம மரியாதையா ரெண்டாவது டெஸ்ட் கேளுங்க, ரத்தப் பரிசோதனையும் கேக்கலாம்.

கேள்வி: அய்யா, எங்க அப்பா ஆக்சிடென்ட்ல போய் நாலு வருஷம் ஆச்சு, எம்சிஓபி, அதான் நஷ்டஈடு கேஸ், இன்னும் இழுக்குது. போலீஸ் போட்ட வரைபடத்துல லாரி நின்ன இடமே தப்புன்னு வக்கீல் சொல்றார். இது எப்படி நடக்குது?

படிச்சதும் மனசு கனத்துப் போச்சு தம்பி. எப்படி நடக்குதுன்னு எனக்கு நல்லாவே தெரியும், ஏன்னா நானே அந்தத் தப்ப பண்ணிருக்கேன். சர்வீஸ்ல சேர்ந்த புதுசு, ராத்திரி ரெண்டு மணிக்கு ஹைவேல லாரியும் டிவிஎஸ் ஃபிஃப்டியும் மோதின கேஸ், டிராபிக் நிக்குது, எல்லாரும் ஹாரன் அடிக்கறான், நாங்க அவசரத்துல ரெண்டு வண்டியையும் ஓரம் தள்ளிட்டு அப்புறம்தான் மகசர், அதாவது ஸ்பாட்ல பாத்தத எழுதற பதிவு, எழுத உக்காந்தோம், தூரத்த கால் அடியால அளந்து இருபது அடின்னு எழுதினேன். கோர்ட்ல வக்கீல் கேட்டார், உங்க ஒரு அடி எத்தனை அங்குலம்னு. என்கிட்ட பதில் இல்ல. அந்தக் குடும்பத்துக்கு வர வேண்டிய காசு எத்தனையோ வருஷம் தள்ளிப் போச்சு, அந்த அம்மா முகம் இன்னிக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு.

வண்டிய நகர்த்தறதுக்கு முன்னாடி நாலு சக்கரத்துக்கும் சாக்பீஸ்ல கோடு போடணும், ஃபோன்ல நாலு பக்கமும் போட்டோ எடுக்கணும், மைல்கல், மின்கம்பம் மாதிரி நகராத ரெண்டு பொருள்லேர்ந்து டேப் பிடிச்சு அளக்கணும். மொத்தமே அஞ்சு நிமிஷ வேலை. இப்ப ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிச்சாலும் சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கற அமைப்பு, இருக்கற வண்டிங்க ரோட்ல கறுப்புத் தடம் சரியா விடறதில்ல, அதனால பழைய ஆளுங்க தடத்த மட்டும் தேடினா ஏமாந்துடுவாங்க, கண்ணாடித் தூள் எங்க சிதறியிருக்கு, ரோட்ல கீறல் எங்க ஆரம்பிக்குதுன்னு பாக்கக் கத்துக்கணும்.

2022 ஏப்ரல்லேர்ந்து விதி மாறிடுச்சு, 48 மணி நேரத்துல முதல் விபத்து அறிக்கையும் 90 நாளுக்குள்ள விரிவான அறிக்கையும் போலீஸே நஷ்டஈடு கேஸ விசாரிக்கற தீர்ப்பாயத்துக்குக் குடுக்கணும். அதே வருஷம் டிசம்பர்ல உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்புல, ஆக்சிடென்ட் கிளைம விசாரிக்க ஸ்டேஷன்கள்ல ட்ரெயினிங் எடுத்த ஆட்களோட தனி யூனிட் வேணும்னு சொல்லிடுச்சு. உங்க வக்கீல்கிட்ட மோட்டார் வாகன ஆய்வாளர் ரிப்போர்ட்டையும் அன்னிக்கு யாராவது எடுத்த போட்டோவையும் தேடச் சொல்லுங்க, வரைபடம் தப்புன்னு காட்ட அது உதவும்.

கேள்வி: ஆக்சிடென்ட் ஸ்பாட்டுக்கு முதல்ல போற போலீஸ் மொதல் வேலையா என்ன செய்யணும்?

அடிபட்டவர்கிட்ட ஓடறதுக்கு முன்னாடி ஜீப்ப ரோட்டுக்குக் குறுக்கா சாய்ச்சு நிறுத்தி, லைட்ட எரிய விட்டு, பின்னாடி நல்ல தூரத்துலேர்ந்து கோன் வைக்கணும். இல்லன்னா ரெண்டாவது வண்டி வந்து காப்பாத்தப் போனவங்களையும் அடிச்சிடும், என்கூட வேலை பாத்த ஒரு ஏட்டு அப்படித்தான் ஒரு கால இழந்தார். அப்புறம் 108. ரத்தம் கொட்டற இடத்துல துணி வச்சு அழுத்திப் பிடிக்கணும், தண்ணி குடுக்கக் கூடாது, கை கால பிடிச்சு தூக்கி ஆட்டோல போடக் கூடாது, கழுத்து எலும்பு உடைஞ்சிருந்தா அந்தத் தூக்கல்லயே முடிஞ்சிடும்.

கேள்வி: உதவி பண்ணா ஸ்டேஷனுக்கு அலையணுமே சார்?

வேண்டாம். மோட்டார் வாகன சட்டத்தோட 2019 திருத்தத்துல, உதவி பண்றவங்களுக்குப் பாதுகாப்பு குடுக்கற 134ஏ பிரிவு வந்துடுச்சு, பேர், அட்ரஸ் குடுக்கக் கூட உங்கள கட்டாயப்படுத்த முடியாது. செலவுக்கும் பயப்படாதீங்க, நம்ம ஊர்ல 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்துல முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம்.

கேள்வி: எங்க ஊர் முக்குல மாசம் ஒரு ஆக்சிடென்ட், யாரும் சரி பண்ணல. ஏன்?

மூணு வருஷத்துல 500 மீட்டருக்குள்ள சாவோ பலத்த காயமோ ஆன விபத்து அஞ்சு நடந்தா, இல்ல பத்து பேர் செத்திருந்தா அது பிளாக் ஸ்பாட். அந்தக் கணக்கு ஸ்டேஷன்ல ஏத்தற டேட்டாவ வச்சுத்தான் வருது. ஐஐடி மெட்ராஸ் சேர்ந்து செஞ்ச ஆப் இருக்கு, ஸ்பாட்ல நின்னு லொகேஷன் போடணும். ஸ்டேஷனுக்கு வந்து உக்காந்து போட்டா விபத்து ஸ்டேஷன் வாசல்ல நடந்த மாதிரி பதிவாகும், உங்க முக்கு கணக்குலயே வராது, ஹைவேஸ்காரங்களும் அங்க வர மாட்டாங்க. 2022ல தமிழ்நாட்டுல 64,105 விபத்து, 17,884 சாவு. விபத்து எண்ணிக்கையில நாட்டுலயே நாமதான் முதல். அதுல ஒரு இடம் தப்பாப் பதிஞ்சாலும் அங்க அடுத்த ஆள் விழுவான், அதான் டேட்டா ஏத்தற ரைட்டருக்கும், அதாவது ஸ்டேஷன்ல எழுத்து வேலை பாக்கற போலீஸ்காரருக்கும், ட்ரெயினிங் வேணும்னு நான் சண்டை போட்டுக்கிட்டே இருந்தேன். நீங்க கலெக்டர்கிட்ட மனு குடுங்க, மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுல வைக்கச் சொல்லி எழுதுங்க.

கேள்வி: என் தங்கச்சி போலீஸ்ல செலக்ட் ஆயிருக்கா அய்யா, அவளுக்கு ஏதாவது சொல்லுங்க.

ரொம்ப சந்தோஷம்மா, வாழ்த்துகள் சொல்லுங்க. பரேடும் சட்டமும் அவங்களே சொல்லித் தந்துடுவாங்க. ரோட் டூட்டி வந்தா ராத்திரியில ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் இல்லாம ஒரு அடி இறங்க வேண்டாம்னு சொல்லுங்க, சீனியர் கிண்டல் பண்ணாலும் போட்டுக்கணும். பையில சொந்தமா ஒரு 30 மீட்டர் டேப்பும் ரெண்டு சாக்பீஸும் வச்சுக்கட்டும். டேப்போட இன்னொரு முனைய பிடிக்க ஒரு ஆள் வேணும், கூட்டத்துல நிக்கற யாரையாவது தயங்காம கூப்பிடச் சொல்லுங்க, நம்ம ஜனங்க கேட்டா வந்து பிடிப்பாங்க.