பழைய ஜப்பான் சைக்கிளில் கியர் லீவர் பிடிக்காமல் சும்மா போய் வந்தால் என்ன செய்யலாம்?

கேள்வி: கிளிநொச்சியில் ஜப்பானிலிருந்து வந்த பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன். வலக்கைப் பக்கத்துக் கியர் லீவரைப் பெருவிரலால் அழுத்தினால் கிளிக் சத்தமே வருவதில்லை, சும்மா போய் வருகிறது. கடையில் முழுச் செற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில்:

செற் மாற்றுகிற காசை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கோ. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பெரும்பாலும் லீவர் உடையவில்லை, உள்ளே கிறீஸ் இறுகிப் போயிருக்கிறது. என் மகள் பள்ளிக்கூடம் போகிற சைக்கிளிலும் இதே கோளாறுதான் இருந்தது. அந்த லீவர் இன்றைக்கும் வேலை செய்கிறது.

முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கோ. ஒருவர் பின்சில்லைத் தூக்கிப் பிடிக்க, பெடலைக் கையால் சுற்றுங்கோ. சுற்றும்போதே பிறேம் குழாயோடு வெளியே ஓடுகிற கியர்க் கம்பியை வில்லின் நாணை இழுப்பது போல விரலால் இழுங்கோ. செயின் பின்சில்லின் பெரிய பல்லுச் சக்கரத்துக்கு ஏறி, விட்டதும் இறங்கினால் பின்சில்லுப் பக்கம் சுகமாக இருக்கிறது, குறை லீவரில்தான். இழுத்தும் ஏறாவிட்டால், அல்லது விட்டும் இறங்காவிட்டால், லீவரைத் தொடவே வேண்டாம். கம்பி ஓடுகிற வெளிக்குழாய் துருப்பிடித்திருக்கும், இல்லையென்றால் செயினைத் தள்ளுகிற கியர்க் கை சேற்றில் இறுகியிருக்கும்.

லீவருக்குள் பல்லு வைத்த ஒரு தகடும், அந்தப் பல்லில் விழுகிற சின்ன இரும்பு நாக்குகளும் இருக்கும். மயிர்போல மெல்லிய ஸ்பிறிங்தான் நாக்கைப் பல்லுக்குள் தள்ளும். வருடக்கணக்கில் ஓடாமல் கிடந்த சைக்கிளில் கிறீஸ் காய்ந்து பிசினாகிவிடும். நாக்கு பல்லில் விழாமல் பாதியிலேயே ஒட்டி நிற்கும். அதனால்தான் அழுத்தும்போது கையில் எதுவும் தட்டுப்படுவதில்லை.

மூடியைப் பிடிக்கிற சின்னத் திருகாணியை மட்டும் கழற்றுங்கோ. அதற்கு உள்ளே கழற்றாதேங்கோ: சுருட்டி வைத்த ஸ்பிறிங் ஒன்று துள்ளிப் பாய்ந்தால் திரும்பப் பூட்டுவது பெரிய பாடு. ஊசி இல்லாத சிரிஞ்சால் மண்ணெண்ணெயை உள்ளே விட்டு, அந்தப் பக்கத்திலேயே உள்ள ஏற்றுகிற, இறக்குகிற இரண்டு லீவரையும் மாறி மாறி அழுத்துங்கோ. கறுப்புச் சாறாக ஒழுகும். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, திரும்ப ஊற்றி, திரும்ப அழுத்துங்கோ. முதலில் பத்துக்கு ஒன்று பிடிக்கும், பிறகு ஒன்றுவிட்டு ஒன்று பிடிக்கும். அந்தக் கட்டத்தில் கைவிடாதேங்கோ, ஒவ்வொரு அழுத்தலுக்கும் பிடிக்கும்வரை செய்யவேணும். கம்பியை இன்னொரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தால்தான் சரியாகத் தெரியும்.

பெற்றோல் வேண்டாம். தீ ஆபத்து, பிளாஸ்ரிக்கையும் கெடுக்கும். மண்ணெண்ணெய் ரயரிலும் பிறேக் கட்டையிலும் படாமல் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கோ. காய்ந்தபின் தையல் மெசின் எண்ணெய் சில துளி போதும். எங்கள் ஆட்கள் கைக்கு வந்த தேங்காய் எண்ணெயை விடுவார்கள். அது நாளாக நாளாகப் பிசுபிசுத்து, கிரவல் ஒழுங்கைப் புழுதியையும் இழுத்துத் திரும்ப இதே நிலைக்குக் கொண்டுவந்து விடும்.

பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் வன்னிக்குச் சைக்கிள்தான் லொறி, அதுதான் அம்புலன்ஸ். ஒரு நட்டைக்கூட எறியாமல் கழுவித் திரும்பப் பூட்டிய மெக்கானிக்மார் இன்னும் மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கிறார்கள். செற்றை மாற்றச் சொல்கிற கடையை விட்டு அப்படி ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டுவது எவ்வளவோ மேல்.

லீவர் பிடித்தும் கியர் ஒழுங்காக விழாவிட்டால் இரண்டு விசயம் பாருங்கோ. ஒன்று, சைக்கிளின் பின்னால் குந்தியிருந்து பார்க்கும்போது கியர்க் கையில் உள்ள இரண்டு சின்னச் சில்லும் பின்பல்லுக்கு நேர்கீழே ஒரே கோட்டில் நிற்கவேணும். சைக்கிள் வலப்பக்கமாக விழுந்தாலோ, லொறியில் அடுக்கி வரும்போது அடிபட்டாலோ அது உள்ளே வளையும். வளைந்ததோடு ஓடினால் பெரிய பல்லுக்கு ஏறும்போது கை சில்லுக் கம்பிகளுக்குள் மாட்டிச் சில்லையே முறித்துவிடும். இதை நிமிர்த்தாமல் பிள்ளைகளிடம் சைக்கிளைக் கொடுக்கவே வேண்டாம். மற்றது வெளிக்குழாய். முன்பு திருத்தியவர் பிறேக் குழாயைக் கியருக்குப் போட்டிருக்கலாம். பிறேக் குழாய்க்குள் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும், இழுக்கும்போது கொஞ்சம் நசியும். கியர்க் குழாயில் கம்பிகள் நீளவாட்டில் ஓடும், நசியாது.

நாக்கே தேய்ந்துபோய் லீவர் மாற்றித்தான் ஆகவேணும் என்றால், பின்சில்லில் எத்தனை பல்லுச் சக்கரம் என்று எண்ணிக்கொண்டு கடைக்குப் போங்கோ. ஜப்பானின் சிமானோ கம்பனி செய்கிற 7 சக்கரச் செற்றில் ஒரு சக்கரத்துக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 5 மில்லிமீற்றர், 8 சக்கரச் செற்றில் 4.8. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்தான், ஆனால் 7க்கான லீவரை 8க்குப் போட்டால் ஒவ்வொரு கிளிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போய்க் கடைசியில் செயின் கரகரக்கும்.

பொருத்தமானது கிடைக்காவிட்டால் கிளிக் இல்லாத, உராய்வில் நிற்கிற பழைய மாதிரி லீவரைக் கேளுங்கோ. அது எத்தனை சக்கரத்துக்கும் பொருந்தும். நானாக இருந்தால் வன்னித் தெருவுக்கு அதைத்தான் போடுவேன். உள்ளே நாக்கும் இல்லை, மெல்லிய ஸ்பிறிங்கும் இல்லை. சோளகக் காற்றுக்கு எதிராகப் பரந்தனிலிருந்து கிளிநொச்சிக்கு மிதிக்கும்போது செயின் சத்தம் நிற்கிற இடத்தில் லீவரை விட்டால் சரி. ஓடும்போது தானாக நழுவினால் அதன் நடுத் திருகாணியைக் கால்வாசி இறுக்கிவிடுங்கோ.