ஆன்ட்டிவைரஸ் இருக்கிறதே, அப்டேட் எதற்கு?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 12 கணினிகள். எல்லாவற்றிலும் ஆன்ட்டிவைரஸ் உண்டு. தெரியாத மின்னஞ்சலை யாரும் திறப்பதில்லை. வேலை நேரத்தில் ரீஸ்டார்ட் கேட்டுத் தொல்லை கொடுப்பதால் விண்டோஸ் அப்டேட்டை நிறுத்திவிட்டோம். ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. உங்கள் ஜாக்கிரதையெல்லாம், யாராவது கிளிக் செய்தால் வரும் வைரஸுக்குத்தான். தானாகவே கணினிக்குக் கணினி பரவும் 'வார்ம்' அப்படியல்ல. பாதுகாப்பு ஓட்டை உள்ள கணினி ஆன் ஆகி நெட்வொர்க்கில் இருந்தாலே அதற்குப் போதும்.

2017 மே 12 அன்று கிளம்பிய வானாக்ரை என்ற வார்மைப் பாருங்கள். விண்டோஸின் ஃபைல் ஷேரிங் சேவை 445ஆம் போர்ட்டில், அதாவது நெட்வொர்க்குக்கான எண்ணிட்ட வாசலில், காத்திருக்கும். அதன் பழைய பதிப்பான எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியே நுழைந்து, ஃபைல்களைப் பூட்டிவிட்டு, அங்கிருந்தே அடுத்த கணினியின் 445-ஐத் தட்டியது. பிரிட்டனில் பல அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை, அதாவது பேட்ச்சை, மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது! அடுத்த ஆண்டு ஆகஸ்டில்கூட, தைவானின் டிஎஸ்எம்சி சிப் ஆலைகளில் இதே வார்மின் திரிபு, பேட்ச் போடாத விண்டோஸ் 7 இயந்திரங்களில் பரவி உற்பத்தியை நிறுத்தியது.

இன்னொன்று: பேட்ச் வெளியானதும், அதைப் போடாதவர்களுக்கு ஆபத்து கூடுகிறது. பழைய ஃபைலையும் புதியதையும் ஒப்பிட்டால் ஓட்டை எங்கே என்பது தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிடும்.

ரீஸ்டார்ட் தொல்லைக்கு வழி இருக்கிறது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குப் போய், 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்பதில் உங்கள் வேலை நேரத்தைக் குறித்துவிடுங்கள். மாதத்தின் இரண்டாம் செவ்வாய் இரவு, நம் நேரப்படி, பேட்ச்கள் வரும். புதன் காலை ஒரு கணினியில் மட்டும் போட்டு, கணக்கு மென்பொருளும் பிரிண்டரும் ஓடுகின்றனவா பாருங்கள். சரியாக இருந்தால் வெள்ளி மாலைக்குள் மற்ற 11-லும் போடுங்கள். முடிவில் 'ரீஸ்டார்ட்' கொடுக்க வேண்டும். ரீஸ்டார்ட் ஆகாதவரை பல பேட்ச்கள் அமலுக்கு வருவதில்லை.

'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' பட்டியலில் எஸ்எம்பி 1.0 டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். பழைய ஜெராக்ஸ் மெஷினிலிருந்து கணினி ஃபோல்டருக்கு ஸ்கேன் வருவது அப்போது நின்றுபோகலாம். அதற்காக மறுபடி டிக் போடாதீர்கள். மெஷினுக்குள் இருக்கும் மென்பொருளைப் (ஃபர்ம்வேர்) புதுப்பியுங்கள், முடியாவிட்டால் ஸ்கேனை மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள்.

12-இல் ஏதாவது விண்டோஸ் 7 என்றால், அதற்கான வழக்கமான பேட்ச்கள் 2020 ஜனவரி 14 உடன் நின்றுவிட்டன. மாற்றவே முடியாத நிலை என்றால் அதன் லேன் கேபிளைக் கழற்றி, வைஃபையையும் அணைத்துவிடுங்கள்.