அப்பாவுக்கு எந்த ஹீட்டர்?

மார்கழி விடியலில் 78 வயது அப்பா நடுங்குகிறார், ஃபேன் ஹீட்டரா, ஹாலோஜனா, ஆயில் ஹீட்டரா என்று மஞ்சக்குப்பத்திலிருந்து கேட்டிருந்தீர்கள். புதுச்சேரியில் என் அம்மாவுக்காக நானும் இதே குழப்பத்தில் இருந்தேன்.

ஆயில் ஹீட்டரே வாங்குங்கள். உள்ளிருக்கும் எண்ணெய் எரிவதில்லை, சூட்டைத் தேக்கி வைக்கிறது. அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் கதகதப்பு இருக்கும். முகத்தில் காற்றடிக்காது, சத்தமும் இல்லை. ஆனால் அறை சூடாக நேரம் பிடிக்கும், நாலு மணிக்கே போட்டுவிடுங்கள். ஃபேன் ஹீட்டர் விலை குறைவு, அவர் குளித்து வரும் பத்து நிமிடத்துக்குச் சரி. ஹாலோஜன் எதிரே உட்காருபவரைத்தான் சூடாக்கும். வேட்டி முனையோ போர்வையோ பட்டால் ஆபத்து, பெரியவர் தூங்கும் அறையில் வேண்டவே வேண்டாம்.

கரண்ட் மிச்சம் என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். எந்த வகையானாலும் 2000 வாட்டில் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடினால் 2 யூனிட்தான்.

அப்புறம், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாதீர்கள். எங்கள் வீட்டில் உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்த பிளக் சூடேறி, பாக்ஸின் ஓட்டையே பழுப்பாக உருகிவிட்டது. பயந்துபோனேன். சுவரில் 15 ஆம்ப் சாக்கெட் இல்லையென்றால், முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், ஹீட்டரைப் பிறகு வாங்கலாம்.