ஃபார்முலா 1 இன்ஜின் நிமிடத்துக்கு 20,000 சுற்று சுற்றியது எப்படி? நம் வண்டிகளால் ஏன் முடியவில்லை?

நம் திருவொற்றியூரில் பிறந்த பழைய புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிஸ்டன் ஒவ்வொரு முறையும் 90 மி.மீ. ஏறி இறங்க வேண்டும். 20,000 சுற்றில் அதன் சராசரி வேகம் நொடிக்கு 60 மீட்டர். பிஸ்டனைச் சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு அதற்கு வெகு முன்பே முறிந்துவிடும். சுற்று இரண்டு மடங்கானால் ராடு மீதான இழுவிசை நான்கு மடங்காகும்.

ஃபார்முலா 1-க்கு 2006-இல் வந்த 2.4 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின்களில் பிஸ்டன் ஏறி இறங்கும் இந்தத் தூரம் சுமார் 40 மி.மீ.தான், சிலிண்டர் விட்டமோ 98 மி.மீ. வரை. கொள்ளளவை விதி கட்டிப்போட்டுவிட்டது, காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவும் கிடையாது. அதிகக் காற்றை விழுங்க வேகமாகச் சுற்றுவதுதான் வழி.

உண்மையான முட்டுக்கட்டை, காற்றை உள்ளே விட்டுப் புகையை வெளியேற்றும் வால்வுதான். 20,000 சுற்றில் ஒரு வால்வு நொடிக்கு 166 தடவைக்கு மேல் திறந்து மூட வேண்டும். எஃகு ஸ்பிரிங் அந்த வேகத்தில் தானே அதிரத் தொடங்கும், வால்வு தன்னைத் தள்ளித் திறக்கும் கேமைப் பின்தொடராமல் மிதக்கும், பிஸ்டனில் மோதும். 1986-இல் ரெனோ ஸ்பிரிங்கைத் தூக்கிவிட்டு அழுத்தப்பட்ட வாயுவை வைத்தது. என் கணக்கில் இந்தக் கதையின் பெரிய திருப்பம் அதுவே.

பிரிட்டிஷ் இன்ஜின் நிறுவனமான காஸ்வொர்த் 2006-இல் 20,000-ஐத் தொட்டது. செலவைக் குறைக்க 2007-இல் 19,000, 2009-இல் 18,000 என்று விதி இறக்கியது. 2014-இலிருந்து 1.6 லிட்டர் டர்போ, வரம்பு 15,000. 2025 வரை இருந்த, எரிபொருள் மணிக்கு 100 கிலோ என்ற கட்டுப்பாட்டால் அதையும் யாரும் எட்டவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் பந்தயம் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த வி8 அலறல் போனதில் இன்னும் வருத்தம்தான்.