கேள்வி பதில்: டர்போ பாஸ்கல் காலம்

கேள்வி: கல்லூரி லேபில் நீலத் திரை டர்போ சி++-இல்தான் நான் புரோகிராம் எழுதக் கற்றேன். அப்பாவோ இன்னமும் டர்போ பாஸ்கல் என்றால் உருகிவிடுகிறார். அதில் அப்படி என்ன இருந்தது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: நானும் உங்கள் அப்பா கட்சிதான். 1983 நவம்பரில் போர்லாந்து என்ற மென்பொருள் நிறுவனம் அதை வெளியிடும் முன்பு ஐபிஎம் பிசியில் பாஸ்கல் மொழியில் புரோகிராம் எழுதுவது என்றால், எடிட்டரில் அடித்து, சேமித்து, வெளியே வந்து, நாம் எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரின் முதல் கட்டத்தை ஓட்டி, இரண்டாம் கட்டத்தை ஓட்டி, அப்புறம் துண்டுகளை இணைத்து ஓடக்கூடிய புரோகிராமாக்கும் லிங்கர், ஹார்ட் டிஸ்க் இல்லாத மெஷினாக இருந்தால் நடுநடுவே ஃபிளாப்பியை வேறு மாற்றிச் செருக வேண்டும். இத்தனைக்கும் பிறகு ஏதோ ஒரு வரியில் அரைப்புள்ளி இல்லை என்று சொல்லும். மறுபடி முதலிலிருந்து! அந்தக் கம்பைலர்களின் விலை பல நூறு டாலர். டர்போ பாஸ்கல் 49.95 டாலர்.

எடிட்டரும் கம்பைலரும் ஒரே ஃபைலுக்குள், மூன்றாம் பதிப்பில்கூட 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. மெனுவில் ‘ஆர்’ தட்டினால் மெமரியிலேயே கம்பைல் ஆகி அங்கேயே ஓடும். தப்பு இருந்தால் முதல் தப்பிலேயே நின்றுவிடும், எஸ்கேப் தட்டினால் கர்சர் அந்த இடத்தில் இருக்கும். (அரைப்புள்ளி விட்டிருந்தால் பெரும்பாலும் அடுத்த வரியில் போய் நிற்கும், அடுத்த சொல்லைப் பார்த்த பிறகுதானே விடுபட்டது அதற்குத் தெரியும்.) விலையைவிட இதுதான் பெரிது என்பேன். தாளில் வரி வரியாகச் சரிபார்த்துவிட்டுக் கம்பைல் செய்த ஆட்கள், இரண்டு வரி எழுதி ஓட்டிப் பார்த்துத் திருத்தத் தொடங்கினார்கள்.

அந்தக் கம்பைலரை எழுதியவர் டென்மார்க்கின் ஆண்டர்ஸ் ஹெல்ஸ்பெர்க். பின்னாளில் புரோகிராம் எழுத உதவும் டெல்ஃபி, சி ஷார்ப், டைப்ஸ்கிரிப்ட் மூன்றின் வடிவமைப்பிலும் முதன்மையானவர் அவரே. 1990-இல் வந்த உங்கள் டர்போ சி++-இல் கன்ட்ரோல் எஃப்9 தட்டி, எழுதிய இடத்திலேயே கம்பைல் செய்து ஓட்டியதும் அதே வழிதான்.

கேள்வி: டர்போ பாஸ்கல் 7-இல் எழுதிய என் புரோகிராம் 486-இல் நன்றாக ஓடியது. பிறகு வாங்கிய வேகமான பென்டியமில் திறந்த உடனே ‘ரன்டைம் எரர் 200’ என்று நின்றது. என் புரோகிராமில் தப்பா?
– வாசகர், ஓசூர்

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை. 200 என்றால் பூஜ்யத்தால் வகுத்தல், ஆனால் யாரும் பூஜ்யத்தால் வகுக்கவில்லை. திரை, கீபோர்டு வேலைகளுக்காக டர்போ பாஸ்கலோடு வந்த சிஆர்டி யூனிட்டைச் சேர்த்தாலே போதும், புரோகிராம் தொடங்கும்போது அது 55 மில்லிசெகண்டில் ஒரு லூப் எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணி 55-ஆல் வகுக்கும், சற்று நேரம் காத்திருக்கச் சொல்லும் டிலே கட்டளைக்காக. வேகமான மெஷினில் விடை 16 பிட்டுக்குள் அடங்காது, பிராசசர் வகுத்தல் பிழை என்று கைவிரித்துவிடும். பழைய டாஸ் புரோகிராம்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டும் டாஸ்பாக்ஸில் சைக்கிளை, அதாவது வேகத்தை, குறைத்து ஓட்டிப் பாருங்கள். மூல நிரல் கையில் இருந்தால் ஃப்ரீ பாஸ்கல் என்ற இலவசக் கம்பைலரில் மறுபடி கம்பைல் செய்வது இன்னும் நல்லது, பெரும்பாலும் சின்னத் திருத்தங்களோடு முடிந்துவிடும்.