1000000007-இல் வகுத்தல் மட்டும் ஏன் தப்பாக வருகிறது?

கேள்வி: புரோகிராமிங் போட்டிகளில் விடையை 1000000007-ஆல் வகுத்து மீதியைத் தரச் சொல்கிறார்கள். கூட்டல், பெருக்கல் சரியாக வருகின்றன. சேர்மானங்களை (nCr) கணக்கிடும்போது வகுத்தல் வந்தால் விடை தப்பிவிடுகிறது. என்ன செய்வது? ஏன் இந்த எண்தான் வேண்டும்?

பதில்: சின்ன எண்ணில் பார்த்தால் தவறு புரிந்துவிடும். 12-ஐ 4-ஆல் வகுத்தால் 3. இதையே 7-இன் மீதிகளில் செய்தால், 12 என்பது 5 ஆகிவிடும்; 5-ஐ 4-ஆல் வகுத்துக் கணினி 1 என்று சொல்லும். மீதி எடுத்த கணமே, அது நான்கின் மடங்கு என்ற தகவல் தொலைந்துவிட்டது.

ஆனால் 4 × 2 = 8; அதன் மீதி 1. ஆகவே 7-ஐப் பொறுத்தவரை 4-இன் நேர்மாறு 2. வகுப்பதற்குப் பதிலாக அந்த நேர்மாறால் பெருக்குங்கள்: 5 × 2 = 10, மீதி 3. சரியான விடை வந்துவிட்டது.

பகா எண் தேவைப்படுவது இங்கேதான். 6-இன் மீதிகளில் 4-ஐ எதனால் பெருக்கினாலும் 0, 2, 4 தவிர வேறு எதுவும் வராது. 1 கிடைக்கவே கிடைக்காது. பகா எண்ணில் பூஜ்ஜியத்தைத் தவிர எல்லா எண்ணுக்கும் நேர்மாறு உண்டு. அதைத் தேடி அலையவும் வேண்டாம். ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி, எண்ணைப் பகா எண்ணுக்கு இரண்டு குறைவான அடுக்குக்கு உயர்த்தினால் போதும். மேலே பார்த்த 4-க்கு அது 4-இன் 5-ஆம் அடுக்கு, அதாவது 1024. 7-ஆல் வகுத்த மீதி 2. உங்களுக்கு அடுக்கு 1000000005. பெரிதாகத் தெரிந்தாலும், வர்க்கப்படுத்திக்கொண்டே போனால் 29 வர்க்கங்களும் இடையிடையே சில பெருக்கல்களும்தான். எழுதிய நிரலை 2-ஐக் கொடுத்துச் சோதியுங்கள்: 500000004 வர வேண்டும்.

சரி, ஏன் இந்த எண்? 1000000007 பகா எண் என்பதைச் சரிபார்ப்பது எளிது. 31622 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே முடிந்துவிடும். இரண்டு மீதிகளின் கூட்டல் 32 பிட்டுக்குள் அடங்கும், பெருக்கல் 64 பிட்டுக்குள் அடங்கும். பெருக்கும் முன் 64 பிட்டுக்கு மாற்ற மட்டும் மறக்காதீர்கள். சில போட்டிகளில் வரும் 998244353-உம் பகா எண்தான். நேர்மாறு காணும் முறையும் அதேதான்.

அப்புறம், பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அடுக்கில் பெரிய எண் வந்தால் அதை 1000000007-ஆல் சுருக்கக் கூடாது. 1000000007-இன் மடங்கல்லாத எண்ணை 1000000006-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1 என்பதால், 1000000006-ஆல்தான் சுருக்க வேண்டும். இந்த எண் பகா எண் அல்ல, 2 × 500000003. அதனால் அடுக்கிலேயே சேர்மானம் இருந்தால் மேலே சொன்ன முறை உடைந்துவிடும். அங்கே 2-க்கு நேர்மாறே கிடையாது. அப்போது 2, 500000003 இரண்டுக்கும் தனித்தனியே மீதி கண்டு, சீன மீதித் தேற்றத்தால் (தனித்தனி மீதிகளிலிருந்து மொத்த எண்ணுக்கான மீதியைக் காணும் முறை) இணைத்துவிடுங்கள். 500000003 பகா எண் என்பதால் அந்தப் பக்கம் நேர்மாறு முறையே போதும். 2-க்கு, சேர்மானத்தைப் பகா எண்ணால் வகுத்த மீதியை இலக்கம் இலக்கமாகக் காண உதவும் லூக்காஸ் தேற்றம் கைகொடுக்கும்.